ஏழு நிமிடம் பிந்திய செவ்வாய்க் கடிகாரம்

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இடது பக்கம் இருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி நம் ஊர் மணி காட்டும். வலது பக்கம் இருப்பது செவ்வாய்க் கிரகத்து மணி காட்டும். புதிதாக வருகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்கள், "ஏனுங்க, இந்தக் கடிகாரம் நின்னு போச்சுங்களா?" என்று. நிற்கவில்லை, அது வேறு ஊர் மணி என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தால் காபி ஆறி ஆடை கட்டும்வரை விடமாட்டார். கேட்டவர்கள் அடுத்த தடவை வரும்போது அந்தச் சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

அவர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பார்த்தார். நான் சிங்காநல்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பல வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறவள். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மற்றவர்கள் மாலுக்கோ மருதமலைக்கோ போவார்கள். நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செவ்வாயில் ஊர்ந்து போகிற வண்டி அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். அமெரிக்காக்காரர்கள் அனுப்பிய ஆளில்லாத வண்டி. காரளவு இருக்கும், ஆறு சக்கரம். அது எடுக்கிற படத்தையெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் இணையத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் ஆளில்லை.

ஆரம்பத்தில் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கல்லும் மண்ணும், அதைத் தாண்டினால் மறுபடியும் கல்லும் மண்ணும். "இதைப் பாக்க அவ்வளவு தூரம் போகோணுமாக்கும், கரிசக்காடு காஞ்சு கெடந்தா நம்மூர்லயும் இப்படித்தானுங்க இருக்கும்" என்று சொன்னேன். பிறகு ஒரு நாள் வண்டி தன் சக்கரத்தையே படம் எடுத்து அனுப்பியிருந்தது. அதில் தகடு கிழிந்து ஒரு சின்ன ஓட்டை. அவருக்குத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது. அணுக்களில் கோளாறு தேடிப் பழகிய கண். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. அதோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

எங்களைப் போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் கோயமுத்தூரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு. வீட்டுக்கு வந்து போகிற அளவுக்குப் பழக்கமானவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கிறவர். தனித்தனியாக வருகிற படங்களை ஓரம் ஒட்டி, மலையும் பள்ளமும் சேர்ந்த ஒரே பெரிய படமாக்குவதில் கெட்டிக்காரர். மண்டியில் வியாபாரம் மந்தமான நேரமெல்லாம் அவருக்கு அதுதான் வேலை. இன்னொருத்தி சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளைக்குத் தாய். அவள் எதையும் அளந்துதான் பேசுவாள். "வண்டி நேத்து கொஞ்ச தூரம் போச்சுங்க" என்று யாராவது எழுதினால், எத்தனை மீட்டர் என்று உடனே கேட்பாள்.

செவ்வாயில் ஒரு நாள் என்பது நம்முடைய ஒரு நாளைவிடக் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் அதிகம். வண்டி அந்த ஊர்ச் சூரியனோடு எழுந்து அந்த ஊர்ச் சூரியனோடு தூங்கும். அதனால் இங்கே உட்கார்ந்துகொண்டு 'வண்டி இப்போது என்ன செய்கிறது' என்று தெரிந்துகொள்வது பெரிய தலைவலி. தினமும் நாற்பது நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு சாதாரணச் சுவர்க் கடிகாரத்தை வாங்கி, அதன் பின்னால் ஒரு சர்க்யூட் போர்டு வைத்து, அந்த ஊர் வேகத்துக்கு மெதுவாக ஓடும்படி செய்தார். போனில் பார்த்தால் தெரிகிற சமாச்சாரம்தான். ஆனால் போனை எடுக்காமல், சோற்றில் கை வைத்தபடியே தலையைத் தூக்கி, "வண்டி எந்திரிச்சிருக்கும் அம்மணி" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம்.

அந்தக் கடிகாரத்தை மாட்டிய அன்று எங்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். எல்லாமே அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு மர ஸ்டூல் உண்டு. ஒரு கால் குட்டை. அவருக்கோ பிரஷர், மாத்திரை போடாவிட்டால் தலை சுற்றும். போனில் செவ்வாய் மணியைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தை அக்குளில் இடுக்கியபடி ஸ்டூலில் ஏறிவிட்டார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

"இறங்குங்க மொதல்ல. பக்கத்து ஊட்டுல ஏணி இருக்குது, வாங்கிட்டு வாரேன்."

"ஏணி எதுக்கு அம்மணி, ஒரு நிமிஷ வேலை."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டுக்கலாம்."

"கிழிஞ்சுது போங்க. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாருங்க பாக்கறது?"

"நீதான்."

"நான் பாக்கமாட்டேன். செவ்வாய்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க."

அதோடு நின்றிருந்தால் அது சண்டையே இல்லை. எனக்கு வாய் அப்படி நிற்காது. என் தங்கை கல்யாணத்துக்கு அவர் முகூர்த்தம் முடிந்து பந்தியில் இரண்டாவது சாம்பார் ஊற்றும்போது வந்து சேர்ந்தது, என் அப்பா சீராகக் கொடுத்த கிரைண்டரைப் பிரித்து வைத்துவிட்டு மாசக்கணக்கில் மறுபடி பூட்டாமல் கிடக்கவிட்டது, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்டூலில் நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் திட்டிக்கொண்டே ஸ்டூலின் குட்டைக் காலைப் பாதத்தால் அழுத்திப் பிடித்திருந்தேன். கடைசியில், சண்டைக்கு முன்னால் மனசில் வைத்திருந்த அதே மணியில் முள்ளை நிறுத்தி, பேட்டரியைப் போட்டு, மாட்டிவிட்டு இறங்கினார்.

"சரி, டீ போடு."

"நான் போடமாட்டேன். வேணும்னா நீங்களே போட்டுக்கங்க."

அவரே போட்டார், இரண்டு பேருக்கும். எப்போதும் போல சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மண்டிக்காரரோடு வீட்டுக்கு வந்த இன்ஜினீயர்ப் பெண் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, உங்க கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால ஓடுதுங்ணா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அது அம்மணி என்னைத் திட்டுன நேரம் கண்ணு. அதையும் கூட்டிக்கங்க."

மண்டிக்காரர் விடவில்லை. "ஏழு நிமிஷம்னா பூமி நிமிஷமுங்களா, செவ்வாய் நிமிஷமுங்களா?"

"சண்டை பூமியில போட்டதுங்க."

அவள் அப்போதே ஸ்டூலை இழுத்தாள், சரி செய்து தருகிறேன் என்று. அவர் தடுத்துவிட்டார். "உட்ரு கண்ணு. அதையும் சரி பண்ணிப்போட்டா நான் திட்டு வாங்குனதுக்கு அத்தாட்சியே இல்லாமப் போயிரும்."

அன்றிலிருந்து அதற்கு 'சண்டை நேரம்' என்று பெயர். எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்கிற எவரும் சண்டை நேரத்தைக் கூட்டிக்கொண்டுதான் படிப்பார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. முன்பின் பார்த்திராத ஒருவர் என்னிடம், "நீங்கதானுங்களா அந்த ஏழு நிமிஷம்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் கூட்டத்துக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. செவ்வாய்க் கடிகாரம் நாளுக்கு நாள் பின்தங்கிப் பின்தங்கி, ஐந்து வாரத்துக்கு ஒரு முறை போல நம் ஊர்க் கடிகாரத்தோடு ஒன்றுசேரும். அங்கேயும் இங்கேயும் ஒரே மணி. அன்றைக்கு ஆள் கூடக்கூடிய நேரமாக இருந்தால் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுவோம். அதைச் 'சந்திப்பு' என்போம். இரண்டு பெரிய முள்ளும் ஒரே இடத்துக்கு வரும் அந்தக் கணத்தில் மண்டிக்காரர் கைதட்டுவார், அவ்வளவுதான். விபூதியும் இல்லை, தேங்காயும் இல்லை.

இதிலும் அந்த ஏழு நிமிடம் வேலையைக் காட்டியது. இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் போலத்தான் குறையும். அதனால் ஏழு நிமிடம் பிந்திய எங்கள் கடிகாரத்தில், போன் காட்டுவதற்கு நாலு மணி நேரம் முந்தியே சந்திப்பு நடந்துவிடும். போன் சாயந்திரம் என்று சொன்னால் சுவர் மதியம் என்று சொல்லும். சுவர் சொன்னதுதான் சட்டம் என்பார் என் வீட்டுக்காரர். ஆகவே டீயோடு முடிய வேண்டிய கூட்டம் பல தடவை மதியச் சாப்பாடாக முடிந்திருக்கிறது. நான் முணுமுணுத்துக்கொண்டே குக்கரில் அரிசிம்பருப்புச் சோறு வைப்பேன். "திட்டுனது நீ, ஆக்கிப் போடறதும் நீதான்" என்பார். சுடச்சுட அரிசிம்பருப்பில் நெய் விட்டுக்கொண்டு, அத்தனை பேரும் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் போனது ஒரு வியாழக்கிழமை காலை. மில் பஸ்ஸுக்காக ஒண்டிப்புதூரில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த ஸ்டூலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் விழுந்தது சமதரையில்.

எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக நான் ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் விட்டுவிட்டு இரைந்தது. இந்தச் சத்தம் சரியில்லையே, அவர் இருந்தால் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்திருப்பாரே என்று நினைத்தேன். நினைத்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் வலது பக்கம் பார்த்தேன். அங்கே விடியற்காலை. சண்டை நேரத்தைக் கூட்டினாலும் வண்டி இன்னும் எழுந்திருக்காது.

"அழுதுரு சாமி, மனசுல வெச்சிருக்காத" என்றாள் என் பெரியம்மா மகள். அழாமல் வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு எண்ணம். வைத்திருக்க ஒன்றும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னேன். டம்ளர் போதுமா என்று கேட்டேன். லேபில் அன்றைக்கு என் மேஜையில் வைத்திருந்த ஸ்லைடுகளை யார் பார்ப்பார்கள் என்றும் யோசித்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவர்தான் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் பார்த்தார். தங்கமான மனிதர். கருமாதி முடிகிறவரை என் வீட்டிலேயே இருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தவருக்குச் சுவர் கண்ணில் பட்டது.

"ஏம்மா, இது மணி தப்பா ஓடுதேம்மா."

"அது செவ்வாய் மணிங்க மாமா."

அவர் முகம் மாறிவிட்டது. தம்பிக்கு ஜாதகத்தில் செவ்வாய் சரியில்லை என்று கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் அது. "செவ்வாயோட நேரத்தை ஊட்டுக்குள்ளயே ஓட்டிட்டிருந்தா வெளங்குமா? மணி தப்பா ஓடுற கடிகாரமே ஊட்டுல இருக்கப்படாது" என்றார். நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

சாயந்திரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கடிகாரத்தைக் கழற்றி, கடைவீதிக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்த மெஷினை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதே ஸ்டூலில் ஏறி மாட்டினார். பழைய மெஷினும் போர்டும் ஒரு பாலிதீன் கவரில் இருந்தன. "இதைப் பழைய சாமானோட போட்டுறலாம்மா" என்று என் கையில் கொடுத்தார். கடையில் பேட்டரியை எடுத்துவிட்டிருந்தார்கள். கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது சுவரில் இரண்டு கடிகாரமும் ஒரே மணி காட்டின. காலையில் எழுந்தால் சந்திப்பு, பல் விளக்கினால் சந்திப்பு, படுக்கப் போனாலும் சந்திப்பு. கைதட்டத்தான் ஆளில்லை. பார்க்கிறவர்களுக்கு எதற்கு இரண்டு என்று தோன்றும். எனக்கே தோன்றியது. ஒன்றைக் கழற்றிவிடலாம் என்று நினைப்பேன், கழற்ற மாட்டேன்.

மாமா மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சாதாரணமாக என்றால் வீடு இரண்டாகியிருக்கும். வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எதை யார் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் பரவாயில்லை. அந்தக் கடிகாரம் மட்டும் அவர் ஓடவிட்டபடி ஓட வேண்டும். இந்த உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதையும் பசி இல்லாதவள் சோறு வேண்டும் என்று நினைக்கிற மாதிரிதான் நினைத்தேன்.

லேபுக்குத் திரும்பப் போக ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் சூரியன் பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே வந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அப்படி வரும். அந்த நாட்களில் வண்டிக்கு உத்தரவு எதுவும் அனுப்ப மாட்டார்கள், படமும் வராது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். குழுவில் பேச்சே இருக்காது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. எதையும் பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் போட வேண்டியதில்லை. படங்கள் மறுபடி வர ஆரம்பித்தபோது நான் திறந்து பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து மண்டிக்காரரும் இன்ஜினீயர்ப் பெண்ணும் என்னைப் பார்க்க வந்தார்கள். மண்டிக்காரர் பழம் இருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். அவள்தான் முதலில் சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னைக்குச் சந்திப்பு இல்லீங்களே?"

நடந்ததைச் சொன்னேன். வானிலை சொல்கிற மாதிரி சொன்னேன். மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. "அந்தக் கவர் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கடிகாரத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். குழுவிலிருந்து இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். போர்டில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததாம், ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்து பற்றவைத்திருக்கிறாள். மண்டிக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வாங்கிவந்து பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு நிமிடம் தொடங்குகிற கணத்துக்காகக் காத்திருந்து பேட்டரியைத் தள்ளினாள். மாட்டிவிட்டு இறங்கி, கீழேயிருந்து மறுபடி ஒத்துப்பார்த்தாள். எல்லாரும் ஆளாளுக்குப் போனை எடுத்துச் சுவரோடு ஒத்துப்பார்த்தார்கள்.

"செகண்டு சுத்தமா இருக்குதுங்க்கா" என்றாள். "அண்ணனோட கடிகாரத்தை இனி எவனும் தப்புன்னு சொல்லக்கூடாதுங்க்கா."

"நல்லா இருக்குது கண்ணு" என்றேன். நல்லாத்தான் இருந்தது. வலது பக்கக் கடிகாரம் பழையபடி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியும் மனசு திறக்கவில்லை. ஒருவேளை இனிமேல் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மண்டிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "அடுத்த சந்திப்பு சாயந்திரம் அஞ்சேகாலுக்கு வருதுங்க அம்மணி. ஒரு டீ போதும். இனி நீங்க சமையல்னு சிரமப்படோணும்னு இல்லீங்க."

அவர்கள் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு டம்ளர்களை எடுத்தேன். அஞ்சேகால். ஏன் அஞ்சேகால்? எங்கள் வீட்டில் சந்திப்பு என்றைக்கு போன் சொன்ன நேரத்தில் நடந்தது? டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். செவ்வாய் மணி இரண்டிலும் ஒன்றுதான். கூட்ட ஒன்றும் இல்லை.

ஏழு நிமிடத்தைக் காணோம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எதையும் அளந்து சரியாக வைப்பதைத் தவிர வேறு மரியாதை தெரியாத கூட்டம் அது. செத்துப்போன மனிதருக்குச் செய்கிற கடைசி மரியாதையாக அவர் கடிகாரத்தைச் சுத்தமாகச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் எனக்கு வந்தது கோபம். இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, அப்படி ஒரு கோபம். மாமா மேல் வராதது, டாக்டர் மேல் வராதது, சாமி மேல் வராதது. அத்தாட்சியே இல்லாமப் போயிரும் என்றாரே, போய்விட்டது. இந்த வீட்டில் நான் ஒருத்தி ஒரு மனிதனைத் திட்டினேன், அவர் நின்று பதில் சொன்னார் என்பதற்கு இனி என்ன இருக்கிறது?

ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஸ்டூலை இழுத்துப்போட்டேன். அதில் நான் அதுவரை ஏறினதே இல்லை. குட்டைக் கால் பக்கம் ஆடியது, பிடிக்க ஆளில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறினேன். கடிகாரத்தைக் கழற்றித் திருப்பி, பேட்டரியை வெளியே எடுத்தேன். முள் நின்றது. போனில் மணியைப் பார்த்துக்கொண்டேன். ஏழு நிமிடம் நிறுத்தி வைத்தால் போதும். பூமி நிமிடம்.

சும்மா நிற்கத்தான் நினைத்தேன். நிற்க முடியவில்லை.

"இறங்குங்க மொதல்ல" என்றேன். வெறும் ஹாலில் சத்தமாகத்தான் சொன்னேன். "பக்கத்து ஊட்டுல ஏணி இருக்குது." கொஞ்சம் நிறுத்தினேன். அவர் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ அவ்வளவு நேரம் விட்டேன். "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாருங்க பாக்கறது?" அதற்கும் விட்டேன். தங்கை கல்யாணத்தைச் சொன்னேன். கிரைண்டரைச் சொன்னேன். அது முடிந்ததும் புதிதாக ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாப்பில் போய் விழுந்ததைத் திட்டினேன். முன்பின் தெரியாத எவனோ போன் பண்ணி எனக்குச் சொன்னதைத் திட்டினேன். எட்டூருக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் என்னை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று கேட்டேன்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றேன்.

அதற்கு ரொம்ப நேரம் விட்டேன்.

போனைப் பார்த்தேன். நேரம் ஆகியிருந்தது. பேட்டரியைத் தள்ளினேன், செகண்டு முள் ஒரு தடவை உதறிவிட்டு நகர்ந்தது. மாட்டிவிட்டு, ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து இறங்கினேன்.

குழுவில் எழுதினேன்: அடுத்த சந்திப்பு மதியம் ஒரு மணிக்கு. எல்லாரும் சாப்பிட வந்துருங்க.

மண்டிக்காரர் உடனே, வாரோமுங்க என்று போட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்ல கண்ணு. நீ சரியாத்தான் வெச்சே. நான்தான் ஏறி மாத்துனேன்."

"ஸ்டூல்லயா ஏறுனீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டனுங்களா? விழுந்திருந்தா யாருங்க்கா பாக்கறது?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. அடுப்படிக்குப் போனேன். சண்டை போட்ட அன்றைக்கு டீ போட்டது அவர்தான், நான் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பாலை வைத்தேன், தூளைப் போட்டேன், அவர் போடுகிற மாதிரி சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொட்டினேன். அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்று குடித்தேன். வாயில் வைக்க முடியாத இனிப்பு. இரண்டாவது மடக்கில் அழுகை வந்தது. டம்ளரைக் கீழே வைக்காமல், அழுதுகொண்டே, அடி மண்டிவரை குடித்தேன்.